‘ராவிலெ ஒண்ணு’: ஒரு மாத்திரை வேளை மாறிய நிகழ்வு

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து விடியுமுன் கிளம்பும் ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மலை ஏறுகின்றன. ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள்தான் அவற்றில் அதிகம். மேலே போனாலும் அவர்கள் காதில் விழுவது பெரும்பாலும் தமிழ்தான். கங்காணி தமிழ், பக்கத்து வரிசையில் காய் எடுப்பவர் தமிழ். தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தன; இன்றும் அங்கே பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். அதனால் கேரளத்தில் மாதக்கணக்கில் கூலி வாங்கியவருக்குக்கூட, தன் உயிரைப் பற்றிய ஒரு சேதியை மலையாள வாயிலிருந்து நேராகக் கேட்கும் தருணம் முதன்முதலாக ஆஸ்பத்திரியில்தான் வாய்க்கும்.

கீழே வருவது எந்த ஒரு தனி மனிதருடைய கதையும் அல்ல. எல்லைப்புறத்தில் திரும்பத் திரும்ப நேரக்கூடிய பிழைகளை ஒரே நோயாளியிடம் கோத்து, செவிலியர், மருந்தாளுநர், கிராமச் சுகாதாரப் பணியாளர் ஆகியோர் உட்கார்ந்து அலசுவதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. மருந்தின் அளவும் ரத்தச் சர்க்கரை எண்களும் நடைமுறைக்கு ஒத்தவை.

நடந்தது

வயது 52. தோட்ட வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் தோட்டத்தில் கிறுகிறுப்பு வர, மலைமேல் அருகிலிருந்த ஒரு மருத்துவமனைக்கு ஜீப்பில் கொண்டுபோகிறார்கள். ரத்தச் சர்க்கரை 312. மருத்துவர் எழுதியது இரண்டு மருந்து. கிளிமெபிரைடு 2 மி.கி., நாளுக்கு ஒன்று, காலைச் சாப்பாட்டுக்குச் சற்று முன். மெட்ஃபார்மின் 500 மி.கி., காலையும் இரவும் சாப்பிட்டபின்.

விளக்கிச் சொன்னவர் செவிலியர். மலையாளி, தமிழ் கொஞ்சம் வரும். நோயாளி தமிழ் என்று தெரிந்ததும், அவருக்குப் புரியட்டும் என்றே தமிழ்ச் சொற்களைத் தேடிப் பேசினார்:

“அம்மா, இந்தச் சின்ன மாத்திரை ராவிலெ ஒண்ணு, சாப்பாட்டுக்கு முன்னாடி. இந்தப் பெரிசு ரண்டு நேரம், சாப்பாட்டுக்குப் பின்னாடி. மறக்கருது, கேட்டோ.”

“உம்… சரிங்க சிஸ்டரம்மா.”

“மனசிலாயோ?”

தலை தோளின் பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவ்வளவுதான். அடுத்த டோக்கன்.

மலையாளத்தில் ‘ராவிலெ’ என்றால் காலையில். தேனிப் பக்கத்துப் பேச்சில் ‘ராவுல’, ‘ராவில’ என்றால் இரவில். அன்றிலிருந்து அந்தச் சின்ன மாத்திரை தினமும் இரவு விழுங்கப்பட்டது. புதன், வியாழன் இரண்டு நாளும் விடியற்காலையில் வேர்த்து விழிப்பு வந்தது. கெட்ட கனவு என்று விட்டுவிட்டார். வெள்ளிக்கிழமை தோட்டத்திலிருந்து ஜீப்பு இறங்கவே தாமதம். வீட்டுக்கு வந்து சொன்னபடி சாப்பாட்டுக்கு முன்னாடி மாத்திரையைப் போட்டார். அலுப்பில் அரை டம்ளர் கூழோடு படுத்துவிட்டார்.

சனிக்கிழமை காலை 5.15, ஜீப்பு நிற்கும் இடம். பனிக்காலத்து விடியலில் எல்லோரும் துண்டைப் போர்த்தி நிற்க, இவருக்கு மட்டும் ஜாக்கெட் நனைந்து வேர்வை. கை நடுக்கம். “என்ன மதினி, ஒரு மாதிரி இருக்கீக?” என்று கேட்டவளை எரிந்து விழுந்தார், வார்த்தை குழறியது. ராத்திரித் தூக்கம் இல்லாத கோபம் என்று நினைத்தார்கள். உட்காரவைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். டீக்கடையிலிருந்து வரக்காப்பி வந்தது. அதில் சீனி போடப் போனவரை இன்னொருவர் தடுத்தார்: “சுகர்காரவுகளுக்குச் சீனியா? போடாதீக.” அன்பினால் தடுத்தார். அந்தக் கணத்தில் அதைவிடத் தவறான அன்பு வேறில்லை.

அதே ஜீப்புக்குக் காத்திருந்த ஒருவர் தன் வீட்டிலிருந்த சர்க்கரை மானியைக் கொண்டுவந்து பார்க்க, 46 காட்டியது. நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. அதனால் அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டிச் சீனி, சுமார் 15 கிராம், கரைத்துக் கொடுத்தார்கள். 15 நிமிடம் கழித்து 64. இன்னொரு தடவை அதே அளவு. அடுத்த 15 நிமிடத்தில் 92. பிறகு இரண்டு இட்லி, 108க்கு அழைப்பு. கிளிமெபிரைடு வகை மருந்தின் வேலை ஒரு நாள் முழுக்க நீடிக்கும். ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். ஆகவே ‘தெளிஞ்சிருச்சு’ என்று வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்ப்பதே முறை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து வண்டிக்குக் காத்திருக்க வேண்டும்.

வாய் சொன்னது

இங்கே யாரும் அலட்சியமாக இல்லை. மருத்துவர் சரியாக எழுதினார். செவிலியர் கனிவோடு, நோயாளியின் மொழியில் சொல்ல முயன்றார். நோயாளி சொன்னதை அப்படியே செய்தார். பிழை அந்தக் கனிவு வந்த வழியிலேயே உட்கார்ந்திருந்தது.

செவிலியர் முழு மலையாளத்தில், “குளிக ராவிலெ கழிக்கணம்” (மாத்திரையைக் காலையில் சாப்பிட வேண்டும்) என்று சொல்லியிருந்தால் இந்த அம்மாள் முழித்திருப்பார். ‘குளிக’ தெரியாது, ‘கழிக்கணம்’ தமிழ்க் காதுக்கு வேறெங்கோ போகும். புரியவில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கும். பக்கத்தில் யாரையாவது கேட்டிருப்பார். ஆனால் ‘மாத்திரை’, ‘ஒண்ணு’, ‘சாப்பாட்டுக்கு முன்னாடி’ என்று சுற்றிலும் தமிழாக இருந்ததால், நடுவில் நின்ற ‘ராவிலெ’யும் தமிழாகவே காதில் இறங்கியது. கலப்பு வாக்கியத்தில் வேற்றுமொழிச் சொல் தன் வேற்று முகத்தை இழந்துவிடுகிறது. பாதி தெரிந்த மொழியில் உதவப் போகும் எவரும் இதை நினைவில் வைக்க வேண்டும்: எந்தச் சொல்லை மொழிபெயர்க்காமல் விட்டோமோ, அதுதான் வில்லங்கமான சொல்.

சொல்லின் வேர் இரண்டு மொழிக்கும் ஒன்றுதான். மலையாளத்திலும் ‘ராவு’ இரவுதான். ‘ராவும் பகலும்’ என்றே சொல்கிறார்கள். ‘ராவிலெ’ மட்டும் இரவின் கடைசியிலிருந்து நகர்ந்து காலைக்கு வந்துவிட்டது. அண்ணன் தம்பி மொழிகளில் இந்தச் சங்கடம் அதிகம்.

எல்லைப்புறத்தில் பேசிச் சிரிக்கும் சொற்கள் வேறு. மலையாளத்து ‘வெள்ளம்’ தண்ணீர், ‘பட்டி’ நாய். முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும். அவற்றால் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் தவறாக எடுத்தால் வாக்கியம் உடனே பொருந்தாமல் போகிறது. கெடுதல் செய்வது இரண்டு அர்த்தத்திலும் கச்சிதமாகப் பொருந்தும் சொல். ‘இரவில் ஒரு மாத்திரை’ என்பதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? அதே வகையில் இன்னும் சில. ‘பனி’ மலையாளத்தில் காய்ச்சல். “பனியுண்டோ?” என்று கேட்டால், மலையேறி வந்தவர் “ஆமா, தோட்டத்துல பனி ஜாஸ்தி” என்பார், காய்ச்சல் என்று குறிப்பேட்டில் ஏறிவிடும். ‘விஷமம்’ அங்கே வருத்தம், கஷ்டம், இங்கே குறும்பு. குழந்தைக்கு விஷமம் உண்டோ என்ற கேள்விக்குத் தாய் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். ‘குழம்பு’ அங்கே ஆயுர்வேதத்தில் மேலுக்குத் தேய்க்கும் தைலம். ‘தாமசம்’ அங்கே குடியிருப்பதையும் குறிக்கும், இங்கே தாமதம் மட்டும். ‘கழிக்குக’ சாப்பிடுவதற்கும் மருந்து உட்கொள்வதற்கும் உரிய சொல். தமிழில் கழிப்பது வெளியேற்றுவது. வயிற்றுப்போக்குக்கு வந்தவரிடம் “எத்ர தவண கழிச்சு?” என்றால் பதில் எதை எண்ணி வரும் என்று சொல்லவே வேண்டாம்.

ஆந்திர எல்லையில், சித்தூர், நகரி, புத்தூர்ப் பக்கம், இதற்கு இணையான சொல் ‘அவசரம்’. தெலுங்கில் அது தேவை. “அவசரமைதே வேசுகோண்டி” என்றால் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ளுங்கள். தமிழர் காதில் ‘ரொம்ப அவசரம்னா மட்டும்’ என்று விழும். இளைப்பு நோய்க்குத் தேவைப்படும்போது இழுக்கக் கொடுத்த இன்ஹேலரை, மூச்சு முட்டி முடியாமல் போகும்வரை தொடாமல் வைத்திருப்பவருக்கு அந்த ஒரு சொல்லே காரணமாக இருந்துவிடலாம். எதிர்த்திசையிலும் இது நேரும்: தமிழர் “அவசரம் டாக்டர்” என்றால், தெலுங்கு மருத்துவருக்கு அதில் பதற்றம் கேட்காது.

உடம்பு சொன்னது

செவிலியர் ‘ஒண்ணு’ என்றபோது ஆள்காட்டி விரலை உயர்த்தினார். ‘சின்ன’, ‘பெரிசு’ என்றபோது மாத்திரை அட்டைகளைத் தொட்டுக் காட்டினார். நான்கு நாளும் இந்த மூன்றிலும் பிழை வரவில்லை. எண்ணிக்கை சரி, எந்த மாத்திரை என்பது சரி. தவறியது வேளை மட்டும். வேளைக்குக் கை எதுவும் சொல்லவில்லை. வாய் மட்டும் சொன்னது. சைகை கூட வந்த சேதி தங்கியது, சைகை இல்லாமல் வந்தது தடம் மாறியது.

தன்முன்னேற்ற வகுப்புகளில் ‘பேச்சில் சொல்லின் பங்கு 7 சதவீதம், மீதி 93 சதவீதம் குரலும் உடல்மொழியும்’ என்று அடித்துச் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அந்த எண்கள் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967இல் வெளியிட்ட ஆய்வுகளிலிருந்து வந்தவை. ஒற்றைச் சொல்லைப் பல தொனியில், பல முகபாவத்தோடு காட்டி, சொல்பவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை எப்படி ஊகிக்கிறார்கள் என்று பார்த்த சோதனை அது. உணர்வு பற்றிய சேதிக்கு மட்டுமே பொருந்தும் என்று அவரே விளக்கியிருக்கிறார். செவிலியரின் குரலும் முகமும் அன்பைத் துல்லியமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தன, அதில் குறையே இல்லை. மாத்திரையின் வேளையை எந்த முகபாவமும் கொண்டுபோகாது. அதற்குச் சொல் வேண்டும், சரியான சொல் வேண்டும்.

அடுத்து அந்த ‘உம்’. கதை கேட்கும் பிள்ளை உம் கொட்டுவது ‘சொல்லு, கேட்டுக்கிட்டு இருக்கேன்’ என்பதற்கு. போனில் பேசும்போது எதிர்முனையில் உம் நின்றால் “லைன்ல இருக்கியா?” என்கிறோம். உம் என்பது வழி திறந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். சேதி வந்து சேர்ந்தது என்பதற்கான ரசீது அல்ல. தலையும் அப்படியே. நம்மிடம் மேலும் கீழும் ஆட்டினால் ஆமாம். இடமும் வலமும் திருப்பினால் இல்லை. தோள்பக்கம் சாய்த்தால் அது மரியாதை, இசைவு, ‘ஆகட்டும்’, ‘நீங்க சொன்னா சரி’ எல்லாம் சேர்ந்த ஒன்று. பெரியவர் பேசும்போது தலை தானாகவே சாயும். “மனசிலாயோ?” என்ற கேள்விக்கு வந்தது அந்த மூன்றாவது அசைவு. செவிலியர் முதலாவதாக எடுத்துக்கொண்டார்.

திரும்பக் கேட்டிருக்கலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். இளிவரல் என்ற மெய்ப்பாடு எதிலிருந்து பிறக்கும் என்று தொல்காப்பியம் நான்கைச் சொல்கிறது: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. தன்னைத் தாழ்வாக உணரும் அந்த நிலைக்கு நான்கு வாசல். இந்த அம்மாள் நான்கு வாசலிலும் நின்றுகொண்டிருந்தார். வயது, நோய், கூலி போன வருத்தம், கேட்க நாதியில்லாத நிலை. பின்னால் வரிசை நெருக்குகிறது. அந்த நிலையில் “என்ன சொன்னீக?” என்று வாய் திறப்பது நோயாளியின் பொறுப்பு என்று வைப்பது நியாயமில்லை. கேட்கவைப்பது சொல்பவர் வேலை.

மருந்து கொடுத்த ஜன்னலில் கடைசி வாய்ப்பும் போனது. கண்ணாடிக்குக் கீழே அரைவட்ட ஓட்டை. உள்ளே இருப்பவரின் கை தெரியும், முகக்கவசத்துக்குப் பின்னால் வாய் தெரியாது. உறையில் மலையாளத்தில் மூன்று கட்டம்: காலை, உச்சி, இரவு. முதல் கட்டத்தில் நீல மையில் ஒரு டிக். மலையாள எழுத்துத் தெரியாதவருக்கு டிக் என்றால் ‘ஒண்ணு’ என்பது மட்டும் புரியும். அந்த உறையும் ஜீப்பு ஏறுமுன் கிழிந்து, அட்டைகள் மட்டும் வெற்றிலை பாக்கோடு சுருக்குப்பைக்குள் போய்விட்டன.

சரியான மொழிபெயர்ப்பும் போதாது

இந்த நிகழ்வில் மிகவும் யோசிக்கவைக்கும் இடம் இது. ‘ராவிலெ’ என்பதற்குப் பதில் ‘காலையில்’ என்று சுத்தத் தமிழில் சொல்லியிருந்தால்? இந்த அம்மாளுக்குக் காலை என்பது நாலரை மணி. எழுந்து உலை வைத்து, வரக்காப்பி குடித்து, தூக்குச்சட்டியில் சோறு கட்டி, ஐந்தேகாலுக்கு ஜீப்பு நிற்கும் இடம். முதல் வாய்ச் சோறு தோட்டத்தில் எட்டரை, ஒன்பது மணிக்கு. காலையில் என்றால் வீட்டிலேயே வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, நான்கு மணி நேரம் பட்டினியாக, மலை வளைவுகளில் ஜீப்பில் போயிருப்பார். மாத்திரை விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் கிளிமெபிரைடு ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். அப்போதும் விழுந்திருப்பார், நாள்தான் வேறு.

மருத்துவர் மனதில் இருந்தது மணி அல்ல, சாப்பாடு. ஆகவே சொல்ல வேண்டிய வாசகம்: “தோட்டத்துல தூக்குச்சட்டியத் தொறக்குறப்ப இந்தச் சின்னதப் போட்டுட்டு உடனே சாப்பிடுங்க. சோறு இல்லைன்னா மாத்திரையும் வேண்டாம்.” பின்பாதி முன்பாதியைவிட முக்கியம். மெட்ஃபார்மினுக்கு இந்த நிபந்தனை இவ்வளவு கடுமையாக வேண்டியதில்லை. அது தனியாகச் சர்க்கரையை இப்படிக் கீழே தள்ளாது. எது சாப்பாட்டோடு கட்டிப்போட வேண்டிய மருந்து என்பதைப் பிரித்துச் சொன்னால், நோயாளிக்குச் சுமை பாதி குறையும்.

இனி சொல்லும் விதம்

உட்காரவைத்து, கண் மட்டத்தில் இருந்து, அவருடைய அட்டைகளை அவர் உள்ளங்கையிலேயே வைத்துச் சொல்லுங்கள். ஒரு தடவைக்கு மூன்று சேதிக்கு மேல் வேண்டாம். வேளையைச் சொல்ல இரு மொழிக்கும் பொதுவான சொல்லை எடுங்கள்: இரவுக்கு ‘ராத்திரி’, காலைக்கு மலையாளிக்கும் தெரிந்த ‘காலத்து’, தமிழர் காதில் காலையாகவே விழும். ‘வெறும் வயித்துல’ இரு பக்கமும் ஒன்றே. ‘ராவிலெ’ என்ற சொல்லைத் தமிழரிடம் அடியோடு விட்டுவிடுங்கள். கூடவே சைகை: முதல் சாப்பாட்டுக்கு மூடி திறந்து வாய்க்குக் கை கொண்டுபோவது, இரவுக்குக் கன்னத்தில் உள்ளங்கை வைத்துத் தலை சாய்ப்பது. இந்த இரண்டும் எந்த எல்லையிலும் தவறாது.

“புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள். அதற்கு ‘உம்’ என்பதைத் தவிர வேறு பதில் நம் ஊரில் கிடையாது. “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும். இந்தச் சின்னத எப்பப் போடுவீங்க, எதோட போடுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேளுங்கள். தவறு வந்தால், “நான் குழப்பிட்டேன் போல” என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு வேறு வார்த்தையில் சொல்லி, மறுபடி கேளுங்கள். ஒரு நிமிடம் ஆகும். வரிசை நீளமாக இருக்கும்போது அந்த ஒரு நிமிடம் கொடுக்க மனம் வராது. சர்க்கரையை இறக்கும் மாத்திரை, இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து, வலிப்பு மருந்து என்றால் வரிசை காத்திருக்கட்டும். சொன்னதைத் திரும்பச் சொல்லவைக்கும் இந்தப் பழக்கத்தை விமானத்துறை பெரும் விலை கொடுத்து இறுக்கிக்கொண்டது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவின் விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானி சொன்ன ஓர் அரைகுறை வாக்கியமும், கோபுரத்திலிருந்து பதிலாக வந்த ‘ஓகே’ என்ற ஒரு சொல்லும் அந்த விபத்தின் காரணச் சங்கிலியில் இருந்தன. அந்த ‘ஓகே’ நம் ‘உம்’முக்கு அண்ணன்.

உறையில் படம் வரைவதானால், மலைக்கு மேலே பாதிச் சூரியன் வரையாதீர்கள். உதயமா, அஸ்தமனமா என்று தெரியாது. தூக்குச்சட்டி வரையுங்கள், இரவுக்குப் பிறை. உறை கிழியும், ஆகவே அட்டைக்கே அடையாளம் வேண்டும்: தோட்டத்தில் போட வேண்டிய அட்டையில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட் சுற்றி, அது தூக்குச்சட்டிப் பையிலேயே இருக்கட்டும், வீட்டு அலமாரிக்குப் போக வேண்டாம்.

ஜீப்பில் கூட வருபவர்களுக்கும் ஒரு சேதி உண்டு. ‘சுகர்’ என்ற சொல் நம் ஊரில் ஒரே திசையில்தான் பயணிக்கிறது: கூடிப்போன நோய், இனிப்பு ஆகாது. அது இறங்கவும் செய்யும் என்பதற்குப் பழகிய சொல் இல்லாததால்தான் சீனி போடும் கை தடுக்கப்பட்டது. ‘சுகர் எறங்கிருச்சு’ என்ற வாசகத்தை ஜீப்பு ஓட்டுபவர் முதல் எல்லோர் வாயிலும் புழங்கவிடுங்கள். குளிரில் வேர்வை, கை நடுக்கம், திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத கோபம், குழறல் ஆகியவை உடம்பு பேசும் பேச்சு. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவரிடம் இதில் இரண்டு சேர்ந்து தெரிந்தால், மானி கிடைக்கும்வரை காத்திருக்காமல் சீனித் தண்ணீர் கொடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை கூடித்தான் இருந்தது என்று பின்னால் தெரிந்தாலும், மூன்று தேக்கரண்டிச் சீனியால் வரும் கெடுதல் சிறிது. 46இல் நிற்பவருக்குச் சீனி போடாத காப்பி கொடுப்பதால் வரும் கெடுதல் அப்படியல்ல. ஜீப்பின் முன்பெட்டியில் ஒரு சிறு டப்பாவில் 100 கிராம் சீனியும் ஒரு தேக்கரண்டியும் கிடந்தால் போதும். மழைக்காலத்தில் கட்டிபடும், மாதம் ஒருமுறை மாற்றிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புமுன் அந்த அம்மாளிடம், மருத்துவர் திருத்தி எழுதிய 1 மி.கி. அட்டையைக் கையில் கொடுத்துச் சொல்லிக் காட்டச் சொன்னார்கள். அவர் அதைச் சுருக்குப்பையில் போடவில்லை. பக்கத்திலிருந்த தூக்குச்சட்டியை மடியில் எடுத்து, மூடியைத் திறந்து, அட்டையை மூடிக்குள் வைத்து, “இதத் தொறந்தாத்தான் இது” என்றார். பிறகு காலிச் சட்டியைக் கவிழ்த்துக் காட்டி, இடமும் வலமும் தலையைத் திருப்பினார்.